ரூபாய் நோட்டின் தலையெழுத்து!

சனிக்கிழமை சாயங்காலம். சிவகாசி கடைத்தெருவில் கால் வைக்க இடம் இல்லை. தீப்பெட்டி ஆலைகளிலும், பட்டாசு ஆலைகளிலும், அச்சகங்களிலும் ஒரு வாரம் உழைத்தவர்கள், கூலியை வாங்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளைகளுக்குப் பலகாரம் எல்லாம் இந்தக் கூலியை நம்பித்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சுருக்குப் பையில் இருப்பது ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு. மளிகைக் கடைக்காரர் சாமான்களைக் கட்டி முடித்துவிட்டு, நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அவர் முகம் மாறுகிறது.

"இந்த நோட்டு வேண்டாம் தாயி. வேறே இருந்தா கொடு."

"ஏன் அண்ணாச்சி? இப்பத்தானே கூலி வாங்கிட்டு வாரேன்!"

"நம்பருக்கு நடுவிலே நட்சத்திரம் போட்டிருக்கு. இது செல்லாதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

அந்தத் தாய் திகைத்துப் போகிறாள். அவளிடம் வேறு நோட்டு இல்லை. கட்டிய சாமான் மறுபடியும் அவிழ்க்கப்படுகிறது.

அந்த நோட்டு செல்லுமா, செல்லாதா?

செல்லும்! மற்ற 500 ரூபாய் நோட்டு எப்படிச் செல்லுமோ, அப்படியே அதுவும் செல்லும். அது தெரியாததால்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு எரியாமல் போகப் பார்த்தது.

நோட்டில் காந்தி படம் எல்லோருக்கும் தெரியும். தொகையும் தெரியும். பின்பக்கத்தில் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது. அதில் 13-வது வரி தமிழ். அதையும் பலர் படித்திருப்பார்கள். ஆனால் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை யாரும் கவனிப்பதில்லை. அவை எதற்காக இருக்கின்றன?

எங்கே இருக்கிறது?

இப்போது புழங்கும் ஒரு 500 ரூபாய் நோட்டையோ, 100 ரூபாய் நோட்டையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி படம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். இடது கைப் பக்கம் மேலே ஓர் எண் இருக்கிறது. வலது கைப் பக்கம் கீழே அதே எண் மறுபடியும் இருக்கிறது.

அந்த எண்ணில் மூன்று பாகங்கள் உண்டு.

முதல் பாகம், முன்னால் நிற்கும் மூன்று குறிகள். ஓர் இலக்கமும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். உதாரணமாக, 5 கே.பி. என்று இருக்கலாம். சில நோட்டுகளில் இரண்டு இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும்.

இரண்டாவது பாகம், அதற்கு அடுத்து வரும் ஆறு இலக்கங்கள். 2015-ம் ஆண்டு முதல் வந்த நோட்டுகளில் இந்த இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். முன்னால் உள்ள மூன்று குறிகள் மட்டும் ஒரே அளவாக இருக்கும். கள்ள நோட்டு அடிப்பவனுக்குத் தொல்லை கொடுப்பதற்காக இந்த ஏற்பாடு.

மூன்றாவது பாகத்தைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். எண் அச்சிட்ட இடத்தின் பின்னணியில் ஒரே ஓர் எழுத்து சிறியதாக நிற்கும். ஏ, இ, எல், ஆர் என்று ஏதாவது ஒன்று. சில நோட்டுகளில் இந்த எழுத்து இருக்காது. இல்லாவிட்டாலும் குற்றம் இல்லை. அதை உள்ளெழுத்து என்று சொல்லலாம்.

ஊரில் எத்தனை மாரியப்பன்?

இந்த எழுத்துகள் எதற்கு? நம்முடைய ஊர் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கிவிடும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று மாரியப்பன்கள் படிக்கிறார்கள். வாத்தியார் "மாரியப்பன்" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். ஆகவே, தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் சேர்த்துக்கொள்கிறோம். க. மாரியப்பன், சு. மாரியப்பன், வே. மாரியப்பன். இப்போது குழப்பம் இல்லை. யாரைக் கூப்பிட்டாரோ அவன் மட்டும் எழுந்து நிற்பான்.

இரண்டு பேருக்குத் தலைப்பெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிட்டால்? தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். "மேலத்தெரு க. மாரியப்பன்", "கீழத்தெரு க. மாரியப்பன்."

நோட்டிலும் இதே கதைதான். ஆறு இலக்க எண், அதன் பெயர். முன்னால் உள்ள மூன்று குறிகள், அதன் தலைப்பெழுத்து. பின்னணியில் உள்ள உள்ளெழுத்து, அதன் தெருப் பெயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வெறும் எண்ணே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆறு இலக்கத்தில் 000001 முதல் 999999 வரைதான் எழுத முடியும். அதாவது, ஏறக்குறைய பத்து லட்சம் நோட்டு. அதற்கு மேல் எண் தீர்ந்துவிடும்.

இந்தியாவில் புழங்கும் நோட்டுகள் எத்தனை தெரியுமா? 2022-ம் ஆண்டு மார்ச் மாதக் கணக்குப்படி, எல்லா நோட்டுகளும் சேர்ந்து 13,000 கோடிக்கு மேல்! 500 ரூபாய் நோட்டுகள் மட்டுமே 4,500 கோடிக்கு மேல்! பத்து லட்சம் எங்கே, 4,500 கோடி எங்கே?

இங்கேதான் தலைப்பெழுத்து கை கொடுக்கிறது. முதல் குறி 0 முதல் 9 வரை பத்தில் ஒன்று. அடுத்த இரண்டும் எழுத்துகள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் உண்டு. ஆனால், ஐ என்ற எழுத்து 1 போலத் தோன்றும். ஓ என்ற எழுத்து பூஜ்யம் போலவே இருக்கும். இப்படிக் குழப்பம் தரும் எழுத்துகளை ஒதுக்கிவிட வேண்டும். கணக்குக்காக 20 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம்.

10-ஐ 20-ஆல் பெருக்கி, மறுபடியும் 20-ஆல் பெருக்கினால் 4,000. ஆக, 4,000 தலைப்பெழுத்துகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் நோட்டு. மொத்தம் 400 கோடி நோட்டு.

பெரிய தொகைதான். ஆனாலும் 4,500 கோடிக்கு இதுவும் காணாது. ஆகவே, ஓர் உள்ளெழுத்தைப் போட்டு, எண் வரிசையை முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். இன்னும் ஒரு 400 கோடி கிடைக்கிறது. அதுவும் தீர்ந்தால் வேறோர் எழுத்து. உள்ளெழுத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

2016-ம் ஆண்டு நவம்பர் மாதம் புதிய 500 ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் இ என்ற உள்ளெழுத்து இருக்கும் என்று ரிசர்வ் பாங்கி அறிவித்தது. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம், ஏ என்ற உள்ளெழுத்துள்ள 500 ரூபாய் நோட்டு வருவதாக அறிவித்தது. எழுத்து மாறியது. ரூபாயின் மதிப்பு மாறவில்லை.

இந்தியாவில் நோட்டு அச்சிடும் இடங்கள் நான்கு. மகாராஷ்டிரத்தில் நாசிக், மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ், கர்நாடகத்தில் மைசூர், மேற்கு வங்காளத்தில் சால்போனி. பழைய நோட்டுகளைச் சேகரிப்பவர்கள், இன்ன உள்ளெழுத்து இன்ன அச்சகத்தைச் சேர்ந்தது என்று வரிசை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நோட்டின் மேல் அச்சகத்தின் பெயர் கிடையாது. நான்கில் எங்கே அச்சானாலும் அதற்கு ஒரே மதிப்புத்தான்.

சக்கரம் சுழல்கிறது

எண் அச்சிடுவது எப்படி என்பதை நாசிக்கில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. சிவகாசியில் பில் புத்தகம் அச்சிடுபவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

1922-ம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1923-ல் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் சிவகாசியின் அச்சுத் தொழில். லேபிள், காலண்டர், வாழ்த்து அட்டை, பில் புத்தகம் என்று அது கிளை விட்டது. லாட்டரிச் சீட்டுகளும் இங்கே அச்சாயின.

பில் புத்தகத்துக்கு எண் போட, நம்பர் மிஷின் என்று ஒரு சின்ன இயந்திரம் உண்டு. அதில் சிறு சிறு உலோகச் சக்கரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் 0 முதல் 9 வரை எண்கள் செதுக்கியிருக்கும். ஒரு தடவை தாளில் அழுந்தி எழும்போது, கடைசிச் சக்கரம் ஓர் எண் நகரும். 9 முடிந்து பூஜ்யம் வரும்போது பக்கத்துச் சக்கரத்தையும் ஒரு தள்ளுத் தள்ளும். மனிதன் கை படாமல் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரூபாய் நோட்டுக்கும் இதே முறைதான். பெரிய தாளில் பல நோட்டுகள் ஒன்றாக அச்சாகும். படமும், எழுத்தும், வர்ணமும் முடிந்த பிறகுதான் எண் போடுவார்கள். 100 தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வெட்டினால், ஒவ்வோர் அடுக்கிலும் 100 நோட்டுகள் வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். அதற்குத் தக்கபடி எண்களை முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள். அந்த 100 நோட்டுகளைக் கட்டினால் ஒரு கட்டு. பாங்கியில் புதுக் கட்டு வாங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

நோட்டின் எண்ணில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அது ஒளிரும் மையால் அச்சிட்டது. புற ஊதா விளக்கின் கீழே நோட்டைப் பிடித்தால், எண் பளிச்சென்று ஒளி விடும்.

நட்சத்திரம் வந்த கதை

100 தாள்களில் ஒரு தாள் கெட்டுப்போனால் என்ன ஆகும்? மை சிந்தியிருக்கலாம். தாள் மடங்கியிருக்கலாம். அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் எண் வரிசையில் ஓட்டை விழும். கட்டில் 100 நோட்டு இருக்காது. அந்த ஓட்டையை அடைக்க, அதே எண்ணில் வேறு நோட்டு அச்சிட வேண்டும். வேலையும் கூடுதல், செலவும் கூடுதல்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நட்சத்திரக் குறியுள்ள நோட்டுகளைத் தனி வரிசையாக அச்சிட்டு வைத்துக்கொள்வது. எங்கே ஒரு நோட்டு கெட்டதோ, அந்த இடத்தில் நட்சத்திர நோட்டு ஒன்றைச் செருகிவிடுவது. கட்டில் 100 நோட்டு சரியாக இருக்கும். வரிசை எண் மட்டும் ஓரிடத்தில் தாவியிருக்கும். இப்படிப்பட்ட கட்டின் மேல் சுற்றிய காகிதத்தில், உள்ளே நட்சத்திர நோட்டு உண்டு என்று அச்சிட்டிருப்பார்கள்.

2006-ம் ஆண்டு 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் இந்த முறை தொடங்கியது. பிறகு 100 ரூபாய் நோட்டிலும் வந்தது. 2016-ம் ஆண்டு டிசம்பரில் 500 ரூபாய் நோட்டுக்கும் வந்தது. தலைப்பெழுத்துக்கும் ஆறு இலக்கத்துக்கும் நடுவில் அந்த நட்சத்திரம் இருக்கும்.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம், நட்சத்திர நோட்டெல்லாம் கள்ள நோட்டு என்று செல்போன்களில் ஒரு வதந்தி பறந்தது. பலர் பயந்துபோய், கைக்கு வந்த நோட்டை வாங்க மறுத்தார்கள். ஜூலை 27-ந் தேதி ரிசர்வ் பாங்கி விளக்கம் கொடுத்தது. நட்சத்திர நோட்டும் மற்ற நோட்டைப் போலவே சட்டப்படி செல்லும் என்று அறிவித்தது.

விடுப்பு எடுத்த தொழிலாளிக்குப் பதிலாக வேறொருவர் வந்து வேலை பார்க்கிறார். அவருக்கும் அதே கூலிதானே? நட்சத்திர நோட்டும் அப்படிப் பதிலுக்கு வந்த ஆள்தான்.

சென்னை நோட்டு, கல்கத்தா நோட்டு

எழுத்தைப் பார்த்து நோட்டை வாங்க மறுத்த காலமும் ஒன்று இருந்தது. அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம்.

1861-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதுவரை சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய இடங்களில் இருந்த மாகாண பாங்கிகள் நோட்டு வெளியிட்டு வந்தன. அந்தச் சட்டத்துக்குப் பிறகு சர்க்கார் மட்டுமே நோட்டு வெளியிடலாம் என்று ஆயிற்று.

ஆனால் நாடு முழுவதும் ஒரே நோட்டு என்று இல்லை. நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு வட்டத்தில் வெளியான நோட்டுக்கு அந்த வட்டத்தில்தான் பணம் கேட்டு வாங்க உரிமை உண்டு. கல்கத்தா நோட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்தால், அதை மாற்றித் தந்தே தீர வேண்டும் என்று யாரையும் கேட்க முடியாது. நோட்டு எந்த ஊர் நோட்டு என்பதைப் பார்க்காமல் அந்தக் காலத்து வியாபாரி பெட்டியில் போட மாட்டார்.

1903-ம் ஆண்டு முதல் 1911-ம் ஆண்டுக்குள் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் எங்கும் செல்லும் என்று ஆயின. அதற்குப் பிறகு வந்த நோட்டுகள் சிலவற்றில் ஊர்க் குறி எழுத்து மட்டும் தங்கியிருந்தது. எம் என்றால் மெட்ராஸ், பி என்றால் பம்பாய், சி என்றால் கல்கத்தா, எல் என்றால் லாகூர், ஆர் என்றால் ரங்கூன்.

அந்தக் காலத்தில் நோட்டைத் தபாலில் அனுப்புவதற்கும் எண்தான் துணை. வழியில் திருடு போய்விடும் என்ற பயம் இருந்தது. அதனால் நோட்டைச் சரிபாதியாக வெட்டுவார்கள். ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்தது என்று கடிதம் வந்த பிறகு, மறு பாதியை அனுப்புவார்கள். எண் இரண்டு பக்கமும் அச்சாகியிருந்ததால், ஒவ்வொரு பாதியிலும் எண் இருக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், இரண்டு பாதியும் ஒரே நோட்டு. ஒட்டிப் பணமாக்கிக்கொள்ளலாம். வழியில் ஒரு பாதியைத் திருடியவனுக்கு வெறும் காகிதம்தான் மிச்சம்!

1928-ம் ஆண்டு நாசிக்கில் அச்சகம் தொடங்கும் வரை, இந்திய நோட்டுகள் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தன. ரிசர்வ் பாங்கி 1935-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பிறந்தது. அதன் முதல் நோட்டு 1938-ம் ஆண்டு ஜனவரி மாதம் வெளிவந்தது. அது 5 ரூபாய் நோட்டு.

ஒன்று போல் இரண்டு

இப்போது விருதுநகருக்கு வருவோம். பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் என்று மொத்த வியாபாரம் நடக்கும் ஊர். சிவகாசி மளிகைக் கடைகளில் விழும் பணம் இப்படிப்பட்ட மொத்தக் கடைகளுக்கு வந்து சேர்கிறது. பல கை மாறிய நோட்டுகள் ஒரே பெட்டியில் வந்து குவிகின்றன. ராத்திரி கணக்கு முடிக்கும்போது, கணக்குப்பிள்ளை கையில் ஒரே எண்ணுள்ள இரண்டு 500 ரூபாய் நோட்டுகள் கிடைத்தால்?

உடனே பதற வேண்டாம். முதலில் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஆறு இலக்கம் ஒன்றாக இருந்து, தலைப்பெழுத்து வேறாக இருந்தால், அவை இரண்டு தனி நோட்டுகள். தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்தால், உள்ளெழுத்தைப் பார்க்க வேண்டும். அது வேறாக இருந்தாலும் பயம் இல்லை. அடுத்து, பின்பக்கம் அச்சிட்ட ஆண்டைப் பார்க்க வேண்டும். 2005-ம் ஆண்டு வரிசை முதல் நோட்டுகளில் அந்த ஆண்டு இருக்கிறது. ரிசர்வ் பாங்கி கவர்னரின் கையெழுத்தையும் பார்க்க வேண்டும்.

தலைப்பெழுத்து, இலக்கம், உள்ளெழுத்து, ஆண்டு, கையெழுத்து எல்லாமே ஒன்றாக இருந்தால்? அப்போதுதான் ஆபத்து. இரண்டும் நல்ல நோட்டாக இருக்க முடியாது. ஒன்றாவது கள்ள நோட்டு! ஒரே அச்சில் பல பிரதி எடுத்தவன், எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

எண் வேறு வேறாக இருப்பதை மட்டும் வைத்து, நோட்டு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. மற்ற அடையாளங்களையும் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் நீரோட்டத்தில் காந்தி முகம் தெரிய வேண்டும். 500 ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பார்த்தால், நடுவில் உள்ள பட்டை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும்.

கள்ள நோட்டைப் பாங்கியில் கொடுத்தால், அதன் மேல் முத்திரை குத்தி எடுத்துக்கொள்வார்கள். ரசீது கொடுப்பார்கள். பணம் தரமாட்டார்கள். ஒரே தடவையில் ஐந்து அல்லது அதற்கு மேல் கள்ள நோட்டு இருந்தால், போலீசில் புகார் பதிவாகும். தெரிந்தே ஒருவர் தலையில் கட்டப் பார்த்தால் அது குற்றம். ஆகவே, வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எண் கோர்ட்டிலும் சாட்சி சொல்லும். லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்கப் போகும் போலீசார், கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பிடிபட்டவரிடம் இருக்கும் நோட்டின் எண்ணோடு அதை ஒத்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் ஓர் எழுத்து பிசகினால் குழப்பம்தான்.

கருகிய நோட்டு, கிழிந்த நோட்டு

தீயோடு பழகும் ஊர்கள் இவை. குடிசையில் தீப் பிடித்து, பெட்டியில் வைத்த பணம் கருகிப்போவது பெரிய சோகம். பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடக் கூடாது.

அதிகம் கருகி, தொட்டால் உதிரும் நோட்டுகளைப் பக்கத்துப் பாங்கியில் வாங்கமாட்டார்கள். அவற்றை ரிசர்வ் பாங்கியின் நோட்டு வெளியீட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கிறது. அங்கே தனி முறையில் சோதித்து முடிவு செய்வார்கள். ஆகவே, கருகிய நோட்டுகளைப் பிரித்து உதிர்க்காமல், ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

கிழிந்த நோட்டை எந்தப் பாங்கிக் கிளையிலும் மாற்றலாம். இரண்டாகக் கிழிந்த நோட்டின் இரண்டு துண்டும் ஒரே நோட்டைச் சேர்ந்தவைதானா என்று பார்க்க எண் உதவுகிறது. வேறு வேறு நோட்டின் துண்டுகளை ஒட்டிக்கொண்டு போனால் பலிக்காது.

ஒரு பாகம் தொலைந்தே போயிருந்தால், மிச்சம் இருப்பதை அளந்து பணம் தருவார்கள். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுக்கு 2018-ல் திருத்திய விதி இது: கையில் உள்ள பெரிய துண்டு, நூற்றில் 80 பங்குக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 பங்குக்குக் குறையாமல் 80-க்குள் இருந்தால் பாதிப் பணம். 40-க்கும் கீழே போனால் ஒன்றும் இல்லை. 20 ரூபாய் வரை உள்ள சின்ன நோட்டுக்கு, பாதிக்கு மேல் இருந்தாலே முழுப் பணம்.

லட்ச ரூபாய் ஆசை

எழுத்தையும் எண்ணையும் வைத்து ஏமாற்றும் கூட்டமும் உண்டு. "உங்கள் நோட்டில் இந்த ராசி எண் இருக்கிறதா? லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம்!" என்று செல்போனில் விளம்பரம் வரும். ஆசைப்பட்டுக் கூப்பிட்டால், "முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். பிறகு "கமிஷன் கட்டுங்கள்" என்பார்கள். "வரி கட்டுங்கள்" என்பார்கள். கட்டிய பணம் போனதுதான் மிச்சம். லட்சம் வராது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரிசர்வ் பாங்கியே இதைப் பற்றி எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும் சொன்னது. ரிசர்வ் பாங்கியின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் நம்ப வேண்டாம் என்றும் சொன்னது.

விசேஷமான எண்ணுள்ள நோட்டுகளை ஆசைக்காகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடுதல் விலை கொடுப்பதும் உண்டு. அது அவரவர் விருப்பம். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், எந்த எண்ணாக இருந்தாலும் 10 ரூபாய்க்கு 10 ரூபாய்ச் சாமான்தான் கிடைக்கும்.

தலையெழுத்தைப் படியுங்கள்

மனிதனின் தலையெழுத்தைப் படிக்க முடியாது என்பார்கள். நோட்டின் தலையெழுத்தை யாரும் படிக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகூடப் படித்துவிடும். இன்று ராத்திரி வீட்டில் இருக்கும் நோட்டுகளை எடுத்து வைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். எந்த நோட்டில் என்ன தலைப்பெழுத்து, எதில் உள்ளெழுத்து, எதில் நட்சத்திரம் என்று தேடச் சொல்லுங்கள்.

இன்ன நோட்டு என்று அடையாளம் காட்டுவதுதான் அந்த எழுத்துகளின் வேலை. நோட்டின் மதிப்பை அவை கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

இது தெரிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எப்படி முடிந்திருக்கும்? கடைக்காரர் நட்சத்திரத்தைப் பார்த்திருப்பார். நீரோட்டத்தையும் பட்டையையும் சரி பார்த்திருப்பார். நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்திருப்பார். அந்தத் தாயும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, உலை வைக்க நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்திருப்பாள்.